கூனிக்கு நிறம் பார்த்தவள்

என் கண்ணைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு. அதைச் சொல்ல நான் வெட்கப்பட்டதில்லை. பம்மலில் ஒரு தோல் கம்பெனியில் பதினெட்டு வருஷம் நிறம் பார்க்கும் வேலை பார்த்தேன். வாங்குகிறவர்கள் உள்ளங்கை அகலத்தில் ஒரு மாதிரித் துண்டு அனுப்புவார்கள். சாயம் போட்டுக் காயவைத்த தோலை அதன் பக்கத்தில் வைத்து, வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, ‘ஓகே’ என்றோ ‘ரிஜக்ட்’ என்றோ சொல்ல வேண்டும். நான் ஓகே சொல்லாமல் ஒரு தோலும் லாரி ஏறாது. என் மேஜைக்கு வந்தால் மானேஜருக்கே குரல் இறங்கிவிடும்.

அந்த மேஜைக்கு ஒரு சட்டம் இருந்தது. வெள்ளைக் கோட்டு போடாமல் யாரும் கிட்டே வரக் கூடாது. கட்டியிருக்கும் புடவையின் நிறம் தோலின் மேல் விழும். கிளிப்பச்சைப் புடவைக்காரி குனிந்தால் பழுப்புத் தோல் லேசாகப் பச்சை தட்டும். புதிதாக வரும் பெண்கள் இதை நம்ப மாட்டார்கள். என்னிடம் ஒருமுறை திட்டு வாங்கினால் நம்பிவிடுவார்கள்.

இப்படிப்பட்ட எனக்கு வாய்த்த கணவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. மின்சார ரயில் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு ரயில்வேக்குப் போனவர். வைத்தியப் பரிசோதனையில் புள்ளிப் புள்ளியாக அச்சடித்த புத்தகத்தைக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டிருக்கிறார்கள். இவர் புள்ளிதான் தெரிகிறது என்று சொல்லியிருக்கிறார். டிக்கெட் கவுன்ட்டரில் உட்காரவைத்துவிட்டார்கள். பெண் பார்க்க வந்த அன்றே இதை என்னிடம் சொன்னார். “மீதி எல்லாம் தெரியுமில்ல?” என்று கேட்டேன். தெரியும் என்றார். மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு தக்காளி வாங்க மட்டும் அவரை அனுப்புவதில்லை. சட்டையை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். இதைச் சொல்லிச் சொல்லி அவரைக் கேலி செய்வதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அவரும் சிரிப்பார். அவர் சிரித்தால் வலிக்கவில்லை என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

எண்பதுகளின் பிற்பாதியில் பெருங்களத்தூரில், ஏரிக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தோம். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி வழிந்தால் ஓடும் தண்ணீரில் பழைய வேட்டியை விரித்துப் பிடித்துக் கூனி அள்ளுவார்கள். விரல் நகம் அளவுக்குப் பொடி இறால். படி ஒன்று வாங்கித் தொக்கு வைத்தால் வீடே மணக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கி வந்ததைப் பீங்கான் கிண்ணத்தில் கொட்டி அலசிக்கொண்டிருந்தேன். உயிரோடு துள்ளியவை எல்லாம் பாசி நிறம், மண் நிறம். நடுவில் ஒன்று மட்டும் பழுத்த மிளகாய்த் தோல் போலச் சிவந்து கிடந்தது. சுட்டால்தானே இறால் சிவக்கும்? இது பச்சையாகவே சிவந்திருந்தது. அன்றைக்குத் தொக்கு வைக்கவில்லை, எல்லாவற்றையும் ஓர் அண்டாவில் விட்டு வளர்த்தேன்.

என் யோசனை எளிமையானது. வாரத்துக்கு நூறு தோலை ஒரே நிறத்துக்குக் கொண்டுவருகிறவள் நான். நல்ல சிவப்பாகப் பொறுக்கி வைத்து, அதன் குஞ்சில் நல்ல சிவப்பைப் பொறுக்கி, அதன் குஞ்சில் மறுபடி பொறுக்கினால், ஒருநாள் தொட்டி முழுக்கச் சிவப்புக் கூனியாக இருக்கும். விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா?

அடுத்த கோடையில் வீட்டுக்குள் ரெட் ஆக்சைடு தரை போட்டோம். எனக்காக என் கணவர் கொத்தனாரிடம் சொல்லிப் பின்கட்டில் இடுப்பளவு உயரத்தில் ஒரு தொட்டி கட்டவைத்தார். மிஞ்சிய சிவப்புப் பூச்சையே தொட்டிக்குள்ளும் இழைத்துவிட்டார்கள். கண்ணாடி போலப் பளபளவென்று இருந்தது. வாழைத்தண்டு வெட்டிப் போட்டு மூன்று வாரம் ஊறவைத்து, சிமெண்டின் காரம் போனபிறகு கிணற்று நீர் நிரப்பி, வேலம்பாசியும் காய்ந்த வாதாம் மர இலையும் போட்டு, கூனிகளை விட்டேன். பக்கத்தில் ஒரு கறுப்பு டிரம். தொட்டி ஓகேவுக்கு, டிரம் ரிஜக்டுக்கு.

கூனி வளர்ப்பதில் பெரிய சிரமம் இல்லை. வெந்த கீரை ஒரு கிள்ளு போதும். தாய் முட்டைகளை வயிற்றுக்கடியில் சுமந்துகொண்டே திரியும். மூன்று நான்கு வாரத்தில் தூசு அளவுக்குக் குஞ்சு நீந்தும். நான்கு மாதத்தில் அதுவும் முட்டை சுமக்கும். தட்டான் பூச்சியின் புழு தொட்டிக்குள் வந்துவிடாமல் பார்க்க வேண்டும், அது ராட்சசன். கொசு மருந்து ஊற்ற வருகிறவரைத் தொட்டிப் பக்கம் விடக் கூடாது. ஒரு தடவை அவர் என்னிடம், “மேடம், இது கவர்மென்ட் ஆர்டர்” என்றார். “உங்க ஆர்டரை என் கிணத்தடியில வெச்சுட்டுப் போங்க” என்றேன். போய்விட்டார்.

பொறுக்குவதில்தான் வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன், ஒவ்வொன்றாகப் பீங்கான் கிண்ணத்தில் அள்ளிப் பார்ப்பேன். வெள்ளையில் வைத்துத்தான் பார்ப்பேன். அதில் நான் ஏமாறுகிறவள் அல்ல. நல்ல சிவப்பு தொட்டிக்கு, மங்கல் டிரம்முக்கு. மூன்றே வருஷத்தில் தொட்டி சிவந்துவிட்டது. டிரம்மில் இருந்தவை நாளுக்கு நாள் கறுத்து, சேற்று நிறமாகப் பெருகின. பார்த்தீர்களா, ரத்தம் என்பது இதுதான் என்று கணவரிடம் விளக்கம் வேறு சொன்னேன்.

அவர் காலையில் காபி டம்ளரோடு தொட்டி விளிம்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். நிறம் தெரியாதவர் என்னதான் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்ததில்லை. ஒரு ஞாயிறு நான் முட்டை சுமந்த ஒன்றை டிரம்மில் போடக் கையை நீட்டினேன். மங்கலான செங்கல் நிறம். என் சிவப்புக்குப் பக்கத்தில் நிற்காது.

“அதை ஏன் எடுக்கற? அது நல்லாத்தானே இருக்குது” என்றார்.

“என்ன நல்லா இருக்குது?”

“கனமா இருக்குது. மத்ததுக்கெல்லாம் உள்ள இருக்கிற முட்டை தெரியுது. இதுக்குத் தெரியல.”

“நிறத்தைப் பத்தி நீங்க பேசாதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா இந்நேரம் ரயில் ஓட்டிக்கிட்டிருப்பீங்க.”

கேலியாகச் சொல்லத்தான் வாயெடுத்தேன். கேலியாக வரவில்லை. அவர் சிரிக்கவும் இல்லை. எழுந்து போய் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். நான் செங்கல் நிறக் கூனியை டிரம்மில் போட்டேன். போட்டபின் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அந்தப் பழக்கம் எனக்கு அப்போது இல்லை.

தாம்பரத்தில் மார்க்கெட் பக்கம், ஒரு மாடிப்படிக்கடியில் வளர்ப்பு மீன் கடை வைத்திருந்த, தம்பி என்று நான் கூப்பிடும் பையனிடம்தான் பாசி வாங்குவேன். கூனியைப் பற்றிச் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“இன்னாக்கா நீ? கூனிய எவனாச்சும் தொட்டில வுட்டுப் பாப்பானா? வறுத்துத் துன்னுவான்.”

“வந்து பாத்துட்டுச் சொல்லு” என்றேன்.

வந்தான். என் தொட்டிக்குள் குனிந்தவன் வெகுநேரம் நிமிரவில்லை. தை மாதம் பெரிய தெருவில் புதுக் கடை திறக்கப்போவதாகவும், வாசலில் வைக்கும் கண்ணாடித் தொட்டியை இதற்கே ஒதுக்குவதாகவும் சொன்னான். “நிறம் நிக்குமாக்கா?” என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். எனக்குக் கோபம் வந்தது. நிறத்தைப் பற்றி என்னிடமா கேட்பது? “என் கண்ணு மேல ஆணையா நிக்கும்” என்றேன்.

கடை திறந்த அன்று அறுபது கூனிகளைப் பொறுக்கி, மூடியில் ஓட்டை போட்ட தூக்குவாளியில் எடுத்துப் போனேன். கண்ணாடித் தொட்டி, அடியில் வெள்ளை மணல், மேலே குழல் விளக்கு. உள்ளே விட்டதும் வெள்ளை மணலில் குங்குமம் சிந்தியது போல இருந்தது. தெருவில் போன ஜனம் நின்று பார்த்தது. தம்பி வருகிறவர்களிடமெல்லாம் “அக்காதான் உண்டாக்கினது” என்று என்னைக் காட்டினான். என் வாக்கும் என் கண்ணும் அந்தத் தொட்டிக்குள் நீந்திக்கொண்டிருந்தன. எனக்குத் துளிக் கவலை இல்லை.

நான்காம் நாள் வேலை முடிந்து தாம்பரத்தில் இறங்கிக் கடைக்குப் போனேன். தொட்டி காலி என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் அறுபதும் இருந்தன. கஞ்சித் தண்ணீர் நிறத்தில், உடம்புக்குள் குடல் தெரிய, மணலோடு மணலாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஒன்றிலாவது சிவப்பு இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

தம்பி கல்லாவிலிருந்து எழுந்து வந்தான். குரலைத் தாழ்த்தித்தான் பேசினான்.

“அக்கா, கோச்சிக்காத. தோல் கம்பெனிக்காரம்மா சாயத்துல முக்கி எடுத்துகினு வந்துட்டாங்களான்னு கேக்குறாங்க.”

“எவன் கேட்டான்?”

“வர்றவன் போறவன் எல்லாம் கேக்குறான். நான் இன்னான்னு பதில் சொல்ல? ஒரே பேஜாரா கீது.”

“நீ என்ன நினைக்கிற?”

அவன் திரும்பித் தொட்டியைப் பார்த்தான். அவனை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவன் இடத்தில் நான் இருந்தால் வாய்விட்டே சொல்லியிருப்பேன். ஆனால் அன்று எனக்கு வந்த அவமானம் கொஞ்சநஞ்சம் இல்லை. அத்தனை வருஷத்தில் ஒரு தோலுக்குக்கூடப் பொய் ஓகே சொன்னதில்லை. என்னைப் பார்த்து, சாயம் பூசிக் கொண்டுவந்தாயா என்று தெரு கேட்கிறது. கூனிகளை வாளியில் அள்ளிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் ரயிலேறினேன்.

வீட்டில் தண்ணீரைத் திட்டினேன், மணலைத் திட்டினேன், குழல் விளக்கைத் திட்டினேன். கூனிகளைப் பழைய தொட்டியில் விட்டேன். மூன்றாம் நாள் காலை அத்தனையும் மறுபடி சிவப்பு. என் கணவரிடம், “பாத்தீங்களா, அவன் கடைத் தண்ணிதான் கெட்டது” என்றேன். அவர் டம்ளரோடு உள்ளே போய்விட்டார். நிறத்தைப் பற்றி அவர் என்னிடம் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அந்த வாரமே என் மேஜைக்கு ஒரு புதுப் பெண் கோட்டு போடாமல் வந்து குனிந்தாள். அரக்குப் புடவை. எனக்கு இருந்த எரிச்சலுக்கு வகையாக மாட்டினாள். “தள்ளி நில்லு. நீ பாக்கறது தோலோட நிறமா, உன் புடவையோட நிறமா? பக்கத்துல இருக்கிறதோட நிறத்தை இது வாங்கிக்கும்னு எத்தனை தடவை சொல்றது?” என்று ஆரம்பித்தேன். பாதியில் என் வாய் நின்றுவிட்டது. அந்தப் பெண் தான் செய்த தப்பு இவ்வளவு பெரிதா என்று பயந்துபோனாள்.

சிவப்புத் தொட்டி. கறுப்பு டிரம். வெள்ளை மணல்.

கூனி, தான் இருக்கிற இடத்தின் நிறத்தை எடுத்துக்கொள்ளும். நாரையிடமிருந்தும் மீனிடமிருந்தும் தப்ப அது கற்றுவைத்திருக்கிற வித்தை. பீங்கான் கிண்ணத்தில் வைத்துப் பார்த்தேனே என்றால், அது ஒரு நிமிஷம். கூனி நிறம் மாற இரண்டு மூன்று நாள் வேண்டும். மூன்று வருஷமாக நான் பொறுக்கியது சிவப்பை அல்ல, சிவப்பு வேஷம் நன்றாகப் போடத் தெரிந்தவற்றை. ஊருக்கெல்லாம் வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டவள், வீட்டில் கூனிகளைச் சிவப்புப் புடவைக்குள் வைத்து நிறம் பார்த்திருக்கிறேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றும் முன்பே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்பதையும் சொன்னேன். அவர் குத்திக்காட்டுவார் என்று காத்திருந்தேன், நானாயிருந்தால் காட்டியிருப்பேன். அவர் காட்டவில்லை.

“தொட்டியைக் காலி பண்ணிடறேன். எல்லாத்தையும் ஏரியில விட்டுடலாம்” என்றேன். சொல்லும்போதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எனக்கு அழுகை சுலபத்தில் வராது.

“டிரம்மையும் பாத்துட்டு விடு” என்றார்.

“அதுல இருக்கிறதெல்லாம் ரிஜக்ட்.”

“நீ ரிஜக்ட் பண்ணது. அதுல சிலது இருக்குது, அப்பவே சொன்னேன். தொட்டியில இருந்தப்பவும் அப்படியேதான் இருந்துச்சு, டிரம்முக்குப் போயும் அப்படியேதான் இருக்குது. கனமா. முட்டை தெரியாம.”

துணி துவைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் டப்பில் கிணற்று நீர் நிரப்பி, டிரம்மை அதில் கொட்டினோம். இருநூறுக்கு மேல் இருக்கும். அந்தி வெளிச்சத்தில் எனக்கு எல்லாம் ஒரே சேற்று நிறமாகத்தான் தெரிந்தன. அவர் குந்தி உட்கார்ந்து, “இது, அதோ அது, பாசிக்கடியில இருக்கிற அது” என்று விரலால் காட்டினார். அவர் காட்டியதை எல்லாம் அள்ளித் தனியாக ஒரு வெள்ளைப் பேசினில் விட்டேன். ஒன்பது. நம்பிக்கை வந்து செய்தேன் என்று சொல்ல மாட்டேன். அவர் கேட்டு நான் மறுத்தது ஒருமுறை போதும் என்று தோன்றியது.

இந்தத் தடவை ஒரு நிமிஷம் அல்ல, பத்து நாள் விட்டேன். டப்பில் இருந்தவை மூன்றாம் நாளே வெளுக்க ஆரம்பித்து, ஐந்தாம் நாள் கஞ்சித் தண்ணீர் ஆகிவிட்டன. பேசினில் இருந்த ஒன்பதில் இரண்டு வெளுத்தன. மீதி ஏழும் பத்தாம் நாளும் சிவப்பு. என் பழைய மிளகாய்ச் சிவப்பு இல்லை. செங்கல் போல, அடர்த்தியாக, ஒளி உள்ளே புகாத சிவப்பு. கறுப்பு டிரம்மில் கிடந்தபோது அதை நான் சேறு என்றுதான் பார்த்திருக்கிறேன். நிறம் கண்ணில் படாத மனிதர், நிறம் எவ்வளவு கெட்டியாகப் பூசியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் பளிச்சென்று இருப்பதில் மயங்கிக் கிடந்தேன்.

பேசின் ஓரத்தில் உட்கார்ந்து, “அன்னிக்கு ரயில் ஓட்டறதைப் பத்திச் சொன்னேனே, அது தப்பு” என்றேன். “எப்ப சொன்ன?” என்றார். அவருக்கு நன்றாக நினைவிருந்தது. முகத்தில் தெரிந்தது.

மற்றதை எல்லாம் ஏரியில் விட்டுவிட்டு, தொட்டிக்குள் வெள்ளை ஓடு பதித்தோம். ஏழிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். இரண்டு வருஷம் ஆயிற்று. மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு பேருமாகப் பொறுக்குவோம். அந்த ஏழின் குஞ்சுகளிலும் பாதி வெளுத்தன, பாதி நின்றன. நின்றதன் குஞ்சில் முக்கால்வாசி நின்றன. மிளகாய்ச் சிவப்பை நான் மெல்ல மெல்லத் திரும்ப வரவழைத்தேன். கெட்டியானவற்றில் எது நல்ல சிவப்பு என்று சொல்ல என் கண் வேண்டியிருந்தது. என் கண் நல்ல கண்தான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

நாற்பது கூனிகளை எடுத்துக்கொண்டு தம்பியின் கடைக்குப் போனேன். அவன் முகத்தில் கலவரம். வாசல் தொட்டியே வேண்டும் என்றேன். “ஒரு மாசம் வெச்சிரு. வெளுத்தா வெளியில என் பேர் போட்டு போர்டு மாட்டு, சாயக்காரின்னு” என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஒருநாள் மாலை அவனே பெருங்களத்தூருக்கு சைக்கிளில் வந்தான்.

“அக்கா, அப்படியே கீதுக்கா” என்றான். “குஞ்சு கூட செவப்பா வருது. அன்னைக்கு நான் ஒண்ணும் சொல்லாம நின்னுட்டேன், மன்ச்சிக்க.” உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, காபி கொடுத்தேன். இதை உண்டாக்கினது அக்கா மட்டும் இல்லை, சாரும்தான் என்று அவனிடம் சொன்னேன். அவன் என் கணவரைத் திரும்பிப் பார்த்தான். அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு பொறுக்க உட்கார்ந்தபோது தொட்டியில் முட்டை சுமந்த ஒன்று என் கண்ணில் பட்டது. பத்து நாள் வெள்ளையில் நின்று தேறியது. தலையிலிருந்து வால்வரை ஒரே சீராக, நான் முதல்நாள் கிண்ணத்தில் பார்த்த அதே மிளகாய்ச் சிவப்பு. ஐந்து வருஷம் இதற்காகத்தான் காத்திருந்தேன். கிண்ணத்தில் அள்ளி, வாய் வரைக்கும் வந்த ஓகேயை விழுங்கிக்கொண்டு, கிண்ணத்தை அவர் பக்கம் நீட்டினேன்.

“நீங்க சொல்லுங்க.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கிண்ணத்தை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். அவசரப்படவில்லை. வாலுக்குக் கொஞ்சம் மேலே ஓர் இடத்தில் அவர் பார்வை நின்றது.

“இங்க முட்டை தெரியுது” என்றார். “ரிஜக்ட்.”

எனக்கு எவ்வளவு பார்த்தும் அது சுத்தமான சிவப்பாகத்தான் தெரிந்தது. மறுபேச்சுப் பேசாமல் வாங்கி டிரம்மில் போட்டேன்.